கத்தரி படாத துணி

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் அலமாரியிலிருந்து எடுத்த துணியை ரமணி திரும்ப உள்ளே வைக்கவில்லை. மடிப்புக் கலையாமல் அது சாப்பாட்டு மேசையின் ஓரத்திலேயே கிடந்தது. பச்சையும் பழுப்பும் கறுப்பும் திட்டுத்திட்டாகப் படர்ந்த, பட்டாளத்துக்காரர்கள் போடுகிற மாதிரியான செலோரெங் துணி. காட்டுக்குள் கொண்டுபோய் வைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில், ரோஸ் நிற மேசை விரிப்பின் மேல், அதைப் பார்க்காமல் யாராலும் சாப்பிட முடியவில்லை.

சாப்பிட வந்த நாத்தனார் சந்திரிகா அக்காவும் பார்த்தாள். என்னவென்று கேட்டாள். ரமணி சொன்னாள்.

"தலைத்திவசத்துக்கு அவருக்கு வேட்டி வைக்கப் போறதில்லக்கா. இதுல, அவர் பேண்டு வாசிக்கக் கட்டுவாரே, அந்த மாதிரி கில்ட் தைச்சு வைக்கப் போறேன்."

அக்கா தட்டிலேயே கையைக் கழுவினாள். செருப்பைப் போட்டாள். போய்விட்டாள். அன்றைக்கு மூடிய வாயை அவள் ரமணியிடம் இன்னும் திறக்கவில்லை. கூட உட்கார்ந்திருந்த வாசு, அக்காவின் தம்பிக்காரன், மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டே, "சரி அண்ணி, நான் உடுத்திக்கிறேன்" என்று மட்டும் சொன்னான்.

அவன் சொன்னதுதான் முக்கியம். அந்தக் குடும்பத்தில் முதல் வருடத் திதிக்குப் படத்துக்கு முன்னால் புதுத்துணி வைப்பார்கள். படையல் முடிந்ததும், போனவருக்கு அடுத்த ஆண் அந்தத் துணியை உடுத்திக்கொண்டு முதல் இலையில் உட்கார வேண்டும். அவன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சோறு. ரமணியின் கணவர் லோகேஸ்வரனுக்கு அடுத்தவன் வாசு.

லோகேஸ்வரன் பள்ளிக்கூடத்தில் பதிமூன்று வயதில் பேக்பைப் என்கிற ஊதுபை வாத்தியத்தைக் கையில் எடுத்தவர். நாற்பத்தேழு வயதில் போகும்வரை அதைக் கீழே வைக்கவில்லை. பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் பழைய மாணவர்கள் சேர்ந்து நடத்தும் பேண்டில் பயிற்சி. பாவாடை மாதிரி மடிப்பு வைத்த, சிவப்புக் கட்டம் போட்ட பேண்ட் கில்ட்டைக் கட்டிக்கொண்டு அவர் லிஃப்டுக்குக் காத்திருந்தால், மாடிப் பிள்ளைகள், "அங்கிள் பாவாட" என்று கத்தும். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார்.

"அந்தச் சிவப்பு பேண்டுக்குச் சொந்தம். எனக்குன்னு ஒண்ணு வேணும் ரமணி. செலோரெங்ல" என்று ஒருநாள் சௌராஸ்தா மார்க்கெட்டிலிருந்து இந்தத் துணியை வாங்கி வந்தார். தீபாவளி முடியட்டும், குடுத்துத் தைக்கலாம் என்றார். தீபாவளிக்கு முன்னாலேயே, வேலை நேரத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ரமணி அன்றைக்கு அழவில்லை. பதினாறாம் நாளும் அழவில்லை. தைரியசாலி என்று சொன்னார்கள். அவளுக்குத் தன்னிடம் தைரியம் இருப்பதாகத் தெரியவில்லை. அவள் பர்மா ரோட்டில் ஒரு பல் மருத்துவரிடம் கவுண்டர் வேலை பார்க்கிறாள். மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்து உட்காருகிறவர்கள் தங்கள் உதட்டையே விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள், இது நம்முடையதுதானா என்று. ஒரு வருடமாக அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது.

இந்தத் துணியைத் தைத்து, அவருக்கு முன்னால் வைத்து, அவருடைய தம்பி அதை உடுத்தி உட்கார வேண்டும். இந்த ஒரு வருடத்தில் அவள் வேண்டும் என்று சொன்னது இது ஒன்றுதான்.

*

ஹபீபா பீவியின் தையல் கடை சூலியா தெருவிலிருந்து பிரியும் சந்தில், மாடியில் இருந்தது. மேலே ஏறும்போதே மெஷின் சத்தம் கேட்டது. அடுத்த வருடப் பள்ளிச் சீருடை வேலை இப்போதே தொடங்கியிருந்தது. சுவர் முழுக்க நீலப் பினஃபோர் தொங்கியது.

"வா தங்கச்சி. உக்காரு. உக்கார எடமில்ல, அந்தத் துணி மேலயே உக்காரு" என்றார் ஹபீபா பீவி. மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, ரமணி நீட்டிய துணியை விரித்தார். மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடித் தரையில் விழுந்தது.

"அல்லா. என்னா இது, அஸ்காருங்க துணியா? நான் தைக்க மாட்டேன் பாத்துக்க. போலீஸ் வந்தா உன்னத்தான் கைகாட்டுவேன்."

"இல்லக்கா. சௌராஸ்தாவுல வாங்குனது. வேட்டைக்குப் போறவங்க, மீன் புடிக்கப் போறவங்க போடுறது."

"மீனுக்கு எதுக்குலா செலோரெங்? அது தண்ணிக்குள்ளேர்ந்து இவனப் பாக்கவா போகுது?" சிரித்துக்கொண்டே துணியை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தார். "நல்ல கனம். மடிப்பு நிக்கும். யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

ஹபீபா பீவியின் விரல் நின்றது. லோகேஸ்வரன் போனது அவருக்குத் தெரியும். பள்ளிக்கூட பேண்டுப் பிள்ளைகளுக்கு அவர் கில்ட் தைத்துக் கொடுத்த காலத்தில் லோகேஸ்வரன்தான் பிள்ளைகளை அழைத்து வருவார்.

"திவசத்துக்குக்கா" என்றாள் ரமணி. "படையல்ல வைக்க. அப்புறம் வாசு உடுத்திக்கும்."

"ம்." கண்ணாடி தலையிலிருந்து கண்ணுக்கு இறங்கியது. "கட்டம் போட்ட துணின்னா கோடு பாத்து மடிச்சிரலாம். இதுல கோடும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாத்துக்கும் சாக்பீஸ்லதான் குறி போடணும். சரி, தம்பி எங்க?"

"பத்து மணிக்கு வரேன்னு சொன்னுச்சு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார் ஹபீபா பீவி. பத்தரை தாண்டியிருந்தது. பினஃபோரைத் தைக்க உட்கார்ந்தார்.

ரமணி போனை எடுத்தாள். வாசு செபராங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இன்றைக்கு அரை நாள் லீவு என்றிருந்தான். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டாள். அப்புறம் மடியில் வைத்துக்கொண்டு, தொங்குகிற பினஃபோர்களைப் பார்த்தாள். அவன் வராவிட்டால் கோபம் வர வேண்டும். அது வருமா என்று காத்திருந்தாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் மூச்சு வாங்குகிற சத்தம். வாசு அப்படி ஏறமாட்டான்.

குடை முனை முதலில் தெரிந்தது. பிறகு சந்திரிகா அக்கா.

*

சந்திரிகாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அம்மா போனபோது லோகேஸ்வரன் மூன்றாம் வகுப்பு, வாசு கைக்குழந்தை. இரண்டு பேரையும் தூக்கி வளர்த்தவள் அவள். இரண்டு தம்பிகளையும் பற்றிப் பேசும்போது, "என் பையனுங்க" என்றுதான் வாயில் வரும்.

"அவன் வரமாட்டான்" என்றாள், குடையை மடக்காமலேயே. "நான்தான் வராதன்னு சொல்லிட்டேன்."

"வாங்க சந்திரிகா. தண்ணி குடிங்க" என்றார் ஹபீபா பீவி.

"தண்ணி குடிக்க வரல ஹபீபா. இவள இழுத்துட்டுப் போக வந்தேன்." கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அகலச் சரிகை போட்ட பட்டு வேட்டி. "இந்தா. நானே வாங்கிட்டேன். இத வை. அவனுக்கு என்னா கொறைச்சல் இதுல?"

"கொறைச்சல் இல்லக்கா. அவருக்கு இது வேணும்னு இருந்துச்சு."

"அவனுக்கு ஆயிரம் வேணும்னு இருந்துச்சு. கப்பல் வேணும்னான் ஒரு தடவ. வாங்கி வைப்பியா படத்துக்கு முன்னால?"

ஹபீபா பீவி சிரிப்பை அடக்கக் கத்தரிக்கோலை எடுத்து இடம் மாற்றி வைத்தார்.

"பாவாட கட்டுறான்னு எனக்கு வெக்கம்னு நெனைக்கிறியா?" சந்திரிகாவின் குரல் இறங்கியது. "அவன் அத மாட்டிக்கிட்டு எஸ்பிளனேடுல வாசிச்சப்ப மொத வரிசையில உக்காந்தவ நான். எனக்கு அது இல்ல. படையல்ல வைக்கிற துணி கத்தரி படாத துணியா இருக்கணும். வேட்டி, துண்டு, சேல. எதுக்குன்னு யோசிச்சியா? அதுக்கெல்லாம் அளவு கெடையாது. யார் மேலயும் டேப்பு வைக்க வேணாம். எங்கம்மா சொல்லும், செத்தவங்களுக்கு வைக்கிற துணிக்கு உசுரோட இருக்கிறவன் மேல அளவெடுத்தா, அந்தத் துணி அவனத் தேடிட்டு வரும்னு."

ஹபீபா பீவி கையை நீட்டி, ஓடிக்கொண்டிருந்த மெஷின் மோட்டாரை நிறுத்தினார்.

"வாசு மேல அளவெடுக்க நான் விடமாட்டேன்" என்றாள் சந்திரிகா. "ஒருத்தனத் தூக்கிக் குடுத்தாச்சு. எனக்கு இன்னொருத்தன் இல்ல."

ரமணிக்கு அது புரிந்தது. தனக்கு நம்பிக்கை இல்லாத விஷயம்தான். ஆனாலும் புரிந்தது. அக்காவின் முகத்தில் இருந்தது பிடிவாதம் இல்லை, பயம்.

"வாசு அளவு வேணாம்" என்றாள். "அவரோட அளவுலயே தைக்கலாம்."

"அதுக்கு அளவு வேணுமே புள்ள" என்றார் ஹபீபா பீவி. "ஒரு கால்சட்டை கொண்டாந்திருக்கியா?"

ரமணி இல்லை என்று தலையாட்டினாள்.

"ஒண்ணுகூடவா இல்ல?"

ரமணி அக்காவைப் பார்க்கவில்லை. ஆனால் பதில் அக்காவிடம்தான் இருந்தது. கருமாதி முடிந்த மறுநாள் சந்திரிகாதான் வந்து அலமாரியைத் திறந்து, சட்டை, கால்சட்டை, கைலி, உள்பனியன் வரைக்கும் மூன்று மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனாள். போனவர் துணி வீட்டில் இருக்கக் கூடாது. தைக்காமல் கிடந்த இந்தத் துணியை மட்டும் அவள் விட்டுவிட்டாள். அது அப்போது யாருடைய துணியும் இல்லை.

"பத்தொம்போது வருஷம் கூட இருந்தவ" என்றாள் சந்திரிகா. "உனக்கே தெரியாதா அவன் இடுப்பு?"

ரமணி யோசித்தாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் கால்சட்டை வாங்கியது அவள்தான். கடைக்காரரிடம் எண்ணைச் சொல்லுவாள். அவர் எடுத்துக் கொடுப்பார். அந்த எண் இருந்த இடத்தைத் தேடினாள். இல்லை. வீட்டு வாடகை தெரிந்தது. பல் மருத்துவரின் கார் நம்பர் தெரிந்தது. அது இல்லை.

"தெரியலக்கா" என்றாள்.

"குத்துமதிப்பா ஒண்ணு வச்சு..." என்று ஆரம்பித்த சந்திரிகாவை ஹபீபா பீவி இடைமறித்தார்.

"அது நடக்காது சந்திரிகா. கைலின்னா இழுத்துச் சொருகிக்கலாம். இது இடுப்புக்கும் பின்பக்கத்துக்கும் நடுவுல அத்தன மடிப்பையும் உக்கார வச்சுத் தைக்கிறது. சரியான அளவு இல்லாம தைச்சா முன்பக்கம் வாய் பொளந்துக்கும்."

கீழே மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது.

*

வாசு ஹெல்மெட்டோடு மேலே வந்தான். கையில் பசார் மாலாம் இரவுச் சந்தைப் பிளாஸ்டிக் பை. அக்காவைப் பார்த்ததும் மேல்படியிலேயே நின்றுவிட்டான்.

"வராதன்னு சொன்னேனா இல்லையாடா?"

"சொன்னீங்க."

"அப்புறம் என்னா?"

"அளவெடுக்க வராதன்னுதானே சொன்னீங்க. நான் அளவு கொண்டாந்திருக்கேன்." ஹெல்மெட்டைக் கழற்றி மெஷின் மேல் வைத்தான். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. "அண்ணி, சாரி. போன் பைக்குள்ள இருந்துச்சு. ஃபெர்ரியில வேற கூட்டம். கோகிலன் அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரேன்."

கோகிலன் பேண்டின் தலைவர். சாமான் அறைச் சாவி அவரிடம்தான் இருக்கும். லோகேஸ்வரன் போனதும் கில்ட், பெல்ட், காலுறை எல்லாவற்றையும் ரமணி அவரிடம்தான் திருப்பிக் கொடுத்தாள். பேண்ட் சொத்து என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளாகத்தான் கொடுத்தாள்.

வாசு பையைக் கவிழ்த்தான். சிவப்புக் கட்டம் மேசையில் விரிந்தது.

"அண்ணனோடது. உள்ள நம்பர் இருக்கு பாருங்க, பதினேழு. இதுலேர்ந்து அளவெடுத்தா யார் மேலயும் டேப்பு வைக்க வேணாமில்ல?"

சந்திரிகா தன்னையறியாமல் முன்னால் வந்தாள். விரலால் ஓரத்தைத் தொட்டாள். வாசுவைத் திரும்பிப் பார்த்தபோது அவள் முகத்தில் ஒரு தளர்வு இருந்தது. "மூளையெல்லாம் இருக்குடா உனக்கு. நாப்பது வயசுலதான் வருது."

"நம்ம குடும்பத்துக்கே லேட்டாத்தான்கா வரும்."

ரமணி கில்ட்டைத் தொடவில்லை. துணி சோப்பு வாசனை வந்தது. வேறு வீட்டு சோப்பு.

ஹபீபா பீவி உள்பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். இடுப்புப் பட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நகத்தால் ஒரு தையலை நெருடினார்.

"இத இப்ப யாரு போடுறா?"

"புதுசா ஒரு பையன் சேந்திருக்கான்கா. வாசிக்க ஆள் கொறைஞ்சுதுன்னு..." வாசு நிறுத்தினான்.

"ஒல்லிப் பையனா?"

"ஆமா."

"இடுப்பப் பிரிச்சுத் தைச்சிருக்காங்க. சும்மா உள்ள புடிச்சிருந்தா பழைய அளவு தெரியும். மிச்சத் துணிய வெட்டியே எடுத்துட்டாங்க." மெதுவாக மேசையில் வைத்தார். "நீளம் அப்படியே இருக்கு. அத எடுத்துக்கலாம். இடுப்பு அவரோடது இல்ல."

சுவரோரம் ஒரு பினஃபோர் ஆணியிலிருந்து நழுவி விழுந்தது. வாசு குனிந்து எடுத்து மாட்டினான். மாட்டிவிட்டு, திரும்பாமல் அங்கேயே நின்றான்.

லோகேஸ்வரனின் இடுப்பு இப்போது எங்கேயும் இல்லை என்று ரமணி நினைத்தாள். துக்கமாக அல்ல. பசாரில் ஒரு பொருள் தீர்ந்துபோனது தெரிகிற மாதிரி.

"என் மேலயே எடுங்க ஹபீபாக்கா" என்றான் வாசு. "நான்தானே உடுத்தப் போறேன்."

"தொடாத ஹபீபா."

"அக்கா, இதெல்லாம் சும்மாக்கா. நாங்க தொழிற்சாலையில தெனமும்..."

"சும்மாவா? அவன் அன்னைக்குக் காலையில சும்மாத்தான்டா போனான். நெஞ்சு லேசா குத்துதுன்னான். காத்துன்னு சொல்லி ஓம வாட்டர் குடிக்கச் சொன்னேன்." சந்திரிகா மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தாள். "நீ வெளிய போ. கீழ போய் நில்லு. உன் மேல டேப்பு பட்டுச்சுன்னா நான் திவசத்துக்கே வரமாட்டேன்."

வாசு போகவில்லை. அக்காவும் நகரவில்லை. ஹபீபா பீவியின் கழுத்தில் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. இருவருக்கும் நடுவில் அந்தச் செலோரெங் துணி மேசையிலிருந்து வழிந்து தரையில் கிடந்தது.

"அப்ப என் மேல எடுங்க" என்றாள் ரமணி.

கவுண்டரில் அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிற குரலில்தான் சொன்னாள். எழுந்து நின்றாள். துணிக் குவியலைத் தாண்டி மேசைக்கு முன்னால் வந்து, இரண்டு கைகளையும் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள்.

"நான் கொஞ்சம் ஒல்லி. ரெண்டு மூணு இஞ்சு கூட்டி வச்சுக்குங்க. என் மேல எடுத்தா யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

ஹபீபா பீவி பழக்கத்தில் டேப்பைக் கழுத்திலிருந்து உருவினார். பாதியில் அவர் கை நின்றது.

வாசு, "அண்ணி" என்றான்.

சந்திரிகா ரமணியைப் பார்த்தாள். ஒரு வருடமாக அவள் இந்தப் பெண்ணை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். சோறு கொண்டுவந்து வைத்திருக்கிறாள். திட்டியிருக்கிறாள். தைரியசாலி என்று அடுத்தவரிடம் சொன்னதில் அவளும் ஒருத்தி. இப்போது பார்த்தபோது, விலக்கிப் பிடித்த அந்த இரண்டு கைகளும் நடுங்கவே இல்லை என்பதைப் பார்த்தாள். நடுங்கியிருந்தால் அவளுக்குப் பரவாயில்லை என்று இருந்திருக்கும்.

"அவ மேல வைக்காத ஹபீபா" என்றாள்.

"யாரு மேலதான்..."

"எறக்குடி கைய."

ரமணி இறக்கவில்லை. சந்திரிகாவே வந்து, ஒவ்வொரு கையாகப் பிடித்து, கீழே இறக்கிவிட்டாள். குழந்தைக்குச் சட்டை மாட்டி முடித்த பிறகு செய்வது மாதிரி. பிறகு கைப்பையை வாசுவிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"என் மேல எடு."

"அக்கா..."

"நீ பேசாதடா. அவன் இடுப்பும் என் இடுப்பும் ஒண்ணுதான். போன தீபாவளிக்கு முன்ன, இந்த வயித்த வச்சுக்கிட்டு என்னாத்த குதிக்கிறன்னு கேட்டேன். 'உங்ககிட்டேர்ந்து வாடகைக்கு எடுத்ததுக்கா'ன்னான் நாயி." சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எடு ஹபீபா. கண்ண மூடிக்கவா?"

"பல்லா புடுங்குறாங்க? தொறந்தே வச்சுக்கங்க."

ஹபீபா பீவி ஏதோ முணுமுணுத்துக்கொண்டார். காப்புக் கேட்கும் துஆவாக இருக்கலாம். டேப் சந்திரிகாவின் இடுப்பைச் சுற்றி வந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்ச் சுவரில் பினஃபோர்களையே பார்த்தாள். அவள் உதடு மட்டும் லேசாக அசைந்தது.

"மூச்சு விடுங்க. இப்பிடி இழுத்துப் புடிச்சா சின்னதாப் போயிரும்."

"பெரிசா எடு. அவனுக்கு இறுக்கமா இருந்தாப் புடிக்காது."

இடுப்பு. பிறகு பின்பக்கம். ஹபீபா பீவி எண்ணை உரக்கச் சொல்லவில்லை. மனதிலேயே வைத்துக்கொண்டு, டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். நீளத்தைச் சிவப்புக் கில்ட்டிலிருந்து எடுத்தார். செலோரெங் துணியை மேசையில் இழுத்துப் போட்டு, சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டு, நிமிர்ந்து, மூன்று பேரையும் பார்த்தார்.

"வெட்டட்டா? அப்புறம் ஒட்ட முடியாது."

வாசு ரமணியைப் பார்த்தான். ரமணி அக்காவைப் பார்த்தாள்.

"வெட்டு" என்றாள் சந்திரிகா.

கனத்த துணியில் கத்தரி இறங்கும் சத்தம் நிதானமாக, நீளமாக இருந்தது. ரமணி அதைக் கடைசிவரை கேட்டாள். அழுகையோ எதுவோ வரும் என்று நினைத்தாள். வரவில்லை. ஆனால் அக்காவின் கை எப்போது தன் முழங்கையைப் பிடித்தது என்பதும், அது அங்கேயே இருக்கிறது என்பதும் தெரிந்தது. கை கொஞ்சம் ஈரமாக இருந்தது.

*

கீழே வெயில் ஏறியிருந்தது. வாசு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான். சிவப்புக் கில்ட் திரும்பப் பைக்குள் போயிருந்தது.

"அக்கா அளவுல தைச்சா எனக்கு இடுப்புல நிக்காம எறங்கிரும். சொந்தக்காரங்க முன்னாடி அவுந்து விழுந்தா?"

"பெல்ட் போடு. கைல புடிச்சுக்க. எப்படியோ உக்காந்து சாப்புடு."

"ராஜு மாமாவெல்லாம் வருவாங்கக்கா. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிச்சவங்களுக்கு ரெண்டாவது சோறு கெடையாது." அந்தப் பட்டு வேட்டிப் பொட்டலத்தை அவன் வண்டிக் கூடையில் போட்டாள். "இதையும் கொண்டுபோய் வீட்ல வை. உள்ள கில்ட்ட உடுத்து, மேல இந்த வேட்டியக் கட்டிக்கன்னு நான் சொல்லல. ஆனா கட்டுனா வேணாங்க மாட்டேன்."

வாசு சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. அக்காவைத் தாண்டி ரமணியைப் பார்த்தான்.

"அண்ணி. நான் உக்காருவேன். சரியா? அவுந்து விழுந்தாலும் உக்காருவேன்."

"சரி தம்பி" என்றாள் ரமணி.

அவன் வேலைக்குப் போனான். சந்திரிகா குடையை விரித்தாள். அவள் வீடு ஜெலுத்தோங் பக்கம். பஸ் வேறு. ஆனால் கொம்தார் பஸ் நிலையத்தில் சுங்கை பினாங் போகும் பஸ் வந்தபோது, ரமணிக்குப் பின்னாலேயே ஏறி, பக்கத்தில் உட்கார்ந்தாள். இறங்கியதும், முன்வாசல் கடையில் வீட்டுக்குக் கொண்டுபோக இரண்டு பொட்டலம் மீ கோரெங் நூடுல்ஸ் தாப்பாவ் வாங்கினாள். அடுக்குமாடிக்குக் கீழே லிஃப்டுக்கு நின்றார்கள். ஒரு லிஃப்ட் ரிப்பேர். இன்னொன்று பதினொன்றாம் மாடியிலேயே நின்றது.

"ரமணி."

"ம்."

"உன் மேல எடுத்தா யாருக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னியே." சந்திரிகா மேலே எரியும் எண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அது வெளையாட்டுக்கா? கோவத்துக்கா?"

ரமணி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இந்த ஒரு வருடத்தில் சாப்டியா, தூங்கினியா, எப்படி இருக்க என்று கேட்டவர்கள் எல்லாருக்கும் உடனே சொல்ல ஒரு பதில் இருந்தது. அது நாக்கில் வந்து நின்றது. அதைச் சொல்லவில்லை.

"தெரியலக்கா" என்றாள். "சொல்லும்போது வெளையாட்டாவும் இல்ல, கோவமாவும் இல்ல. சும்மா உண்மை மாதிரி இருந்துச்சு."

லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது. சந்திரிகா உள்ளே போகவில்லை. ஒரு காலை மட்டும் உள்ளே வைத்தாள். கதவு மூட வந்து, செருப்பில் இடித்து, திறந்தது. திரும்பவும் வந்து இடித்தது. அவள் கைப்பையைத் துழாவிப் போனை எடுத்தாள்.

"வாசு. எங்க இருக்க? ஃபெர்ரியிலயா? சரி. சாயங்காலம் வரும்போது என் வீட்டுக்குப் போ. அலமாரியில கீழ்த்தட்டுல என் துணிமணி இருக்கும், ஒரு பையில போட்டு எடுத்துட்டு வா. பிரஷர் மாத்திர மறந்துராத. இங்கதான், ரமணி வீட்டுக்கு." கதவு இடித்தது. "எத்தன நாளைக்கா? ரெண்டு சேல பத்தாது. எல்லாத்தையும் எடுத்துட்டு வா."